உயர் லெவல் கேரக்டரின் டவுன்டைம்: காசை விட்டு நாளை எண்ணுங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதையாட்டத்தில், பல சாகசங்களாக நீளும் கேம்பெய்ன் நடுவில், ஆட்டத்தை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) சொல்வார்: "அடுத்த சாகசத்துக்கு மூன்று மாதம் இடைவெளி. யார் யார் என்ன செய்யப் போகிறீர்கள்?" இந்த இடைவெளிதான் டவுன்டைம். நீங்கள் ஆடுவது லெவல் 3 (லெவல் என்பது ஆற்றல் படி) கேரக்டராக இருந்தால் "சத்திரத்தில் தங்கி ஓய்வெடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். லெவல் 15இல் அப்படிச் சொன்னால், மூன்று மாதம் கழித்து எதிரி தயாராக வந்து நிற்பான், உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. அதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வாள் செய்கிறேன், கோட்டை கட்டுகிறேன், டிராகன் மொழி படிக்கிறேன், மந்திரச் சுருள் எழுதுகிறேன் என்று புதியவர்கள் ஒரே மூச்சில் அடுக்குவார்கள். டிஎம் நாள் கணக்குக் கேட்டதும் பாதி உதிர்ந்துவிடும்.

இந்தக் கட்டுரை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5ஆம் பதிப்பை வைத்து எழுதப்பட்டது. எண்கள் பெரும்பாலும் 2014 விதிநூல்களிலும், 2017இல் வந்த சனாதர்ஸ் கைடு டு எவ்ரிதிங் என்ற துணைநூலிலும் உள்ளவை. வேறு ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். உயர் லெவலில் காசு திரும்பக் கிடைக்கும், நாள் கிடைக்காது. 2014 டிஎம் நூலின் புதையல் அட்டவணையில், சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியின் வலிமையைக் காட்டும் எண்) 11 முதல் 16 வரையிலான எதிரியின் குவியலில் நாணயம் மட்டுமே சராசரியாக 31,500 பொற்காசு மதிப்புக்கு இருக்கும். 17 அல்லது அதற்கு மேல் என்றால் அது 3,22,000. ஒரு குகையைக் காலி செய்தால் செலவழித்தது திரும்பிவிடும். ஆனால் 120 நாள் பிடிக்கிற காரியத்தை 90 நாளில் முடிக்க எந்தப் புதையலும் உதவாது. அதனால் திட்டத்தை விலைப்பட்டியலில் தொடங்காதீர்கள், நாட்காட்டியில் தொடங்குங்கள்.

படி 1: டிஎம்மிடம் கேட்க வேண்டியவை

திட்டம் போடுவதற்கு முன்பே இவற்றைக் கேட்டுவிடுங்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு கேட்டால் மற்றவர்களின் நேரம் வீணாகும். முடிந்தால் முந்தைய நாளே செய்தி அனுப்பிக் கேளுங்கள்.

எத்தனை நாள்? அது உறுதியான எண்ணா, நடுவில் ஏதாவது நடந்து துண்டிக்கப்படுமா? எந்த ஊரில் இருக்கிறோம், அங்கே நூலகம், பட்டறை, பெரிய சந்தை உண்டா? மந்திரப் பொருள் செய்ய எந்த நூலின் விதி? வாரத்துக்கு 5 வேலை நாளா, 7 நாளும் வேலை செய்யலாமா? பகலில் பட்டறையில் உழைத்துவிட்டு மாலையில் மந்திரம் போட அனுமதி உண்டா?

நான்காவது கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். 2014 டிஎம் நூலின்படி மந்திரப் பொருள் செய்பவர் ஒரு நாளைக்கு 25 பொற்காசு மதிப்புக்கு வேலை முடிப்பார். வெரி ரேர் (மிக அரிய) வகைப் பொருளுக்கு 50,000 பொற்காசு, அதாவது 2,000 நாள். அதற்கும் மேலான லெஜண்டரி வகைக்கு 5,00,000, அதாவது 20,000 நாள், ஏறக்குறைய 55 ஆண்டு. நெடுங்காலம் வாழும் எல்ஃப் இனத்தை ஆடுகிறவர்கள் மட்டும் சிரித்துக்கொள்ளலாம். சனாதர் விதியில் அதே வெரி ரேர் 25 வேலை வாரம், 20,000 பொற்காசு. லெஜண்டரி 50 வேலை வாரம், 1,00,000 பொற்காசு. ரேர் (அரிய) வகைக்கு 10 வேலை வாரமும் 2,000 பொற்காசும் போதும். இரண்டு நூலுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளி, உங்கள் திட்டம் நடக்குமா நடக்காதா என்பதையே தீர்மானித்துவிடும். 2024 டிஎம் நூல் இந்த இரண்டாவது அளவுக்கே வந்துவிட்டது: ரேர் 50 நாள், வெரி ரேர் 125 நாள், லெஜண்டரி 250 நாள்.

படி 2: நாளை மணியாக உடைத்துப் பாருங்கள்

சனாதர் சொல்லும் வேலை வாரம் என்பது 5 நாள், நாளுக்கு 8 மணி நேரம். தூக்கத்துக்கு 8 மணி போனால் இன்னொரு 8 மணி மிஞ்சும். சாப்பாடு, நடமாட்டம் எல்லாம் போக மாலையில் இரண்டு, மூன்று மணி நேரம் கைக்கு வரும். மந்திரம் தெரிந்த கேரக்டருக்கு அந்த மாலை நேரம்தான் உண்மையான சொத்து. மந்திரங்களுக்கும் தனி லெவல் உண்டு, ஒரு மந்திரத்தை ஒரு முறை போடும் வாய்ப்பே ஸ்லாட். லெவல் 15 விசார்டுக்கு (மந்திரவாதி) தினமும் ஒரு 8ஆம் லெவல் ஸ்லாட், ஒரு 7ஆம் லெவல், ஒரு 6ஆம் லெவல், இரண்டு 5ஆம் லெவல் ஸ்லாட்டுகள் உண்டு. சாகசத்தில் ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணிச் செலவழிப்போம். டவுன்டைமில் அவை ஒவ்வொரு நீண்ட ஓய்விலும் நிரம்பி, பயன்படாமலே போகும். 90 நாள் என்றால் தொண்ணூறு 8ஆம் லெவல் ஸ்லாட்டுகள். புதியவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

படி 3: வேலைகளை வகை பிரியுங்கள்

வேலைகளை விலைப்படி அடுக்காதீர்கள். காலத்தோடு அவை எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்துப் பிரியுங்கள். நான்கு வகை வரும்.

முதல் வகை, தொடங்கிவிட்டால் தானாக முதிர்வது. இதற்குச் சரியான உதாரணம் குளோன் மந்திரம்: நீங்கள் இறந்தால் உயிர் போய்ச் சேர ஒரு மாற்று உடலை வளர்ப்பது. 8ஆம் லெவல், போட ஒரு மணி நேரம். 1,000 பொற்காசு மதிப்புள்ள வைரம் கரைந்துபோகும், 2,000 பொற்காசு மதிப்புள்ள மூடிய கலம் வேண்டும். அதன்பின் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் உடல் முழுதாக முதிர 120 நாள் ஆகும். அதற்கு ஒரு நாள் முன்னால் நீங்கள் இறந்தாலும் குளோன் கைகொடுக்காது. ஆகவே இந்த வகை எதுவாக இருந்தாலும் டவுன்டைமின் முதல் நாளிலேயே தொடங்குங்கள். கையில் 90 நாள்தான் இருக்கிறது என்றால், சாகசத்தின் முதல் 30 நாள் குளோன் இல்லாமல்தான் கழியும் என்று கேரக்டர் சீட்டில் தேதியோடு எழுதிவையுங்கள்.

குளோனில் பலர் மறப்பது ஒன்று: உயிர் மட்டும்தான் மாறும், உடைமை வராது. விசார்டு புது உடலில் கண்விழிப்பார், மந்திரப் புத்தகம் பழைய பிணத்தோடு கிடக்கும். கலத்துக்குப் பக்கத்தில் ஒரு நகல் புத்தகம் இருந்தால்தான் அந்த உடலால் பயன். சொந்தப் புத்தகத்திலிருந்து நகலெடுக்க ஒரு மந்திர லெவலுக்கு ஒரு மணி நேரமும் 10 பொற்காசும் ஆகும். மொத்தம் 80 லெவல் அளவுக்கு மந்திரங்கள் இருந்தால் 80 மணி நேரம், 800 பொற்காசு. சரியாக இரண்டு வேலை வாரம்.

இரண்டாம் வகை, சங்கிலி. ஒரு நாள்கூட விடாமல் திரும்பத் திரும்பப் போட வேண்டியவை. டெலிபோர்ட்டேஷன் சர்க்கிளை (தொலைவிலிருந்து மந்திரத்தால் நொடியில் வந்திறங்கும் வட்டம்) ஒரே இடத்தில் ஓராண்டு முழுக்கத் தினமும் போட்டால் நிரந்தரமாகும். ஒவ்வொரு முறையும் 50 பொற்காசு மதிப்புள்ள சுண்ணமும் மையும் கரையும், 365 நாளைக்கு 18,250 பொற்காசு. இடத்தைக் காக்கும் மந்திரங்களான பிரைவேட் சாங்க்டம், கார்ட்ஸ் அண்ட் வார்ட்ஸ் இரண்டுக்கும் இதே ஓராண்டுக் கணக்குதான். 364ஆம் நாள் தோழர்களைக் காப்பாற்ற வெளியே ஓடினால் போட்டதெல்லாம் வீண். ஓராண்டுக்குக் குறைந்த இடைவெளியில் இவற்றைத் தொடங்காதீர்கள். "மிச்சத்தை அடுத்த டவுன்டைமில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது இங்கே செல்லாது.

சங்கிலிகளில் குறுகியது கிளெரிக்கின் (தெய்வ அருளால் மந்திரம் போடுபவர்) ஃபர்பிடன்ஸ், ஓர் இடத்தைக் காக்கும் மந்திரம். 30 நாள் தொடர்ந்து போட்டால் போதும், யாராவது கலைக்கும்வரை நிற்கும். 1,000 பொற்காசு மதிப்புள்ள மாணிக்கத் தூள் வேண்டும். ஆனால் அது கடைசி நாளில்தான் கரையும், எனவே முப்பது முறை வாங்க வேண்டியதில்லை. 40,000 சதுர அடித் தரை, 30 அடி உயரம். இரண்டு மாத இடைவெளியில் தளத்தைக் காக்க இதைவிட மலிவான வழி இல்லை.

அதில் ஒளிந்திருக்கும் இரண்டு வில்லங்கங்களையும் சொல்லிவிடுவோம். ஃபர்பிடன்ஸ் உள்ள பரப்புக்குள் யாரும் டெலிபோர்ட் செய்து நுழைய முடியாது. "யாரும்" என்பதில் உங்கள் அணியும் அடக்கம். கடவுச்சொல் சொன்னால் காயம் படாது, அவ்வளவுதான். டெலிபோர்ட் தடை அப்படியே இருக்கும். ஆகவே திரும்பி வந்து இறங்கும் வட்டத்தை அதே கட்டடத்துக்குள் வரைந்து வைக்காதீர்கள். வெளியே, எல்லைக்கு அப்பால் ஒரு அறை ஒதுக்குங்கள். இன்னொன்று, மந்திரத்தால் காயப்பட வேண்டிய இனங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஃபே, ஃபீண்ட், செலஸ்டியல் (மாய, பேய், தெய்வ உலக உயிர்கள்) மூன்றையும் டிக் செய்துவிடுவது வழக்கம். விசார்டின் துணை உயிரான ஃபெமிலியரும், பலடின் என்ற புனித வீரரின் மந்திரக் குதிரையும் அந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான். 5டி10 (ஐந்து பத்துப்பக்கப் பகடைகளின் கூட்டல்) காயத்தில் ஃபெமிலியர் வாசற்படியிலேயே மறைந்துபோகும்.

மூன்றாம் வகை, உங்கள் கை உழைப்பே வேண்டியவை. பொருள் செய்தல், படித்தல், நகலெடுத்தல். இவை ஒன்றோடொன்று மோதும், ஏனென்றால் எல்லாமே அதே 8 மணி நேரத்தைக் கேட்கும். நான்காம் வகை, பிறரைச் சார்ந்தவை: விற்பனை, ஆள் தேடல், அரசவைத் தொடர்பு. இவற்றின் முடிவு பகடையின் கையில் இருப்பதால், வேறு எதையும் இவற்றை நம்பித் தொங்கவிடாதீர்கள். "வாளை விற்ற காசில் வைரம் வாங்குவேன், அந்த வைரத்தில் குளோன் போடுவேன்" என்று அடுக்கினால், விற்பனைப் பகடை 4 விழுந்ததும் மூன்றும் சரியும்.

படி 4: பொருள் செய்வதற்கு முன் சரக்கு

மந்திரப் பொருள் செய்யக் காசும் நாளும் மட்டும் போதாது. சனாதர் விதிப்படி செய்முறைக் குறிப்பு ஒன்று வேண்டும். அதோடு ஏதோ ஒரு பிராணியிடமிருந்து எடுத்த அரிய மூலப்பொருளும் வேண்டும். ரேர் பொருளுக்கு சேலஞ்ச் ரேட்டிங் 9 முதல் 12 வரையுள்ள பிராணி, வெரி ரேருக்கு 13 முதல் 18, லெஜண்டரிக்கு 19 அல்லது அதற்கு மேல். தகுந்த கருவித் திறமையோ ஆர்கானா (மந்திர அறிவு) திறமையோ இருக்க வேண்டும். இந்த மூலப்பொருளைத் தேடுவது டவுன்டைம் வேலையே இல்லை, அது தனிச் சாகசம். எனவே திட்டம் இப்போதே தொடங்கவில்லை, முந்தைய சாகசத்தில் தொடங்கியிருக்க வேண்டும். வீழ்த்திய டிராகனின் செதில், ரத்தம், கொம்பு எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். எந்தப் பாகம் எதற்கு உதவும் என்று அப்போதே டிஎம்மிடம் கேட்டு, பையில் போட்டு, சீட்டில் எழுதிவையுங்கள்.

பொருள் செய்யும்போது ஒவ்வொரு ஐந்து வேலை வாரத்துக்கும் 10 சதவீதம் சிக்கல் வாய்ப்பு உண்டு. ரேர் பொருளுக்கு இரண்டு முறை பகடை உருளும், லெஜண்டரிக்குப் பத்து முறை. சிக்கல் என்றால் செய்த பொருள் உடைந்துபோகும் என்று பொருளல்ல. பட்டறையில் விசித்திரமானது நடக்கிறதென்று ஊரில் பேச்சு கிளம்பும், திருடன் மோப்பம் பிடிப்பான், பிரபு ஒருவர் விலை பேச வருவார். பயப்படாதீர்கள், அது டிஎம்முக்கு அடுத்த கதையின் நுனி.

மருந்துக் குப்பிகளை மறக்காதீர்கள். சாதாரண ஹீலிங் போஷன் ஒரு நாள், 25 பொற்காசு. கிரேட்டர் ஒரு வேலை வாரம், 100. சுப்பீரியர் மூன்று வேலை வாரம், 1,000. சுப்ரீம் நான்கு வேலை வாரம், 10,000. இதில் கடைசியது உயர் லெவலிலும் காசுக்குத் தகுந்ததல்ல என்பது எங்கள் கருத்து. மிச்சமாகும் ஒற்றை நாட்களில் சாதாரணக் குப்பிகளைச் செய்து வையுங்கள். விழுந்து கிடக்கும் தோழனை எழுப்ப அதுவே போதும், எத்தனை உயிர்ப்புள்ளி ஏறுகிறது என்பது அங்கே இரண்டாம்பட்சம்.

மானுவல் ஆஃப் பாடிலி ஹெல்த் போன்ற நூல் கையில் இருந்தால் அதற்கு முதலிடம் கொடுங்கள். 6 நாளுக்குள் 48 மணி நேரம் படிக்க வேண்டும், அதாவது நாளுக்கு 8 மணி நேரம். கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 2 கூடும். அந்த 6 நாளில் வேறு வேலை செய்ய முடியாது, நடுவில் அழைத்தால் போகவும் முடியாது. சாகசத்தின் நடுவே இதற்கு நேரம் கிடைத்த அணிகளைப் பார்ப்பது அபூர்வம்.

படி 5: ஒரு மாதிரிக் கணக்கு

லெவல் 15 விசார்டு, 90 நாள், சனாதர் விதி, வாரத்துக்கு 5 வேலை நாள், மாலையில் மந்திரம் போடலாம் என்று டிஎம் ஒத்துக்கொண்டிருக்கிறார். செய்முறைக் குறிப்பும் மூலப்பொருளும் கையில் இருக்கின்றன.

முதல் நாள் மாலை குளோன். 3,000 பொற்காசு. முதல் நாள் முதல் 70ஆம் நாள் வரை, அதாவது 10 வாரம், ஒரு ரேர் பொருள். 2,000 பொற்காசு. 71 முதல் 84 வரை இரண்டு வாரம் நகல் புத்தகம். 800 பொற்காசு. 85ஆம் நாள் சிமுலாக்ரம், அதாவது பனியில் உங்கள் நகல் ஒன்றை உருவாக்கும் மந்திரம். அது போடவே 12 மணி நேரம் ஆகும் என்பதால் அன்று வேறு எதுவும் இல்லை. மாணிக்கத் தூள் 1,500 பொற்காசு. மிச்சம் 5 நாள் இருக்கும். அதில் எதையும் போடாதீர்கள்.

இருப்பிடச் செலவு, வசதியான வாழ்க்கைக்கு நாளுக்கு 2 பொற்காசு வீதம் 180. மொத்தம் 7,480. மேலே சொன்ன 31,500 பொற்காசுக் குவியலை நான்கு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 7,875. ஒரு பங்கு முழுதாக இதற்கே போய்விடுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 90 நாளும் பிரபுக்களைப் போல வாழ்ந்தால் நாளுக்குக் குறைந்தது 10 பொற்காசு, மொத்தம் 900. அப்போது கணக்கு இடிக்கும்.

சிமுலாக்ரத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அந்த நகல் செலவழித்த ஸ்லாட்டுகளைத் திரும்பப் பெறாது. உயிர்ப்புள்ளி உங்களுடையதில் பாதி. காயம்பட்டால் ரசவாதக் கூடத்தில் ஒரு புள்ளிக்கு 100 பொற்காசு கொடுத்துத்தான் சரிசெய்ய முடியும். முதல் நாளே செய்துவைத்தால் டவுன்டைமில் ஏதோ ஒரு சில்லறைக் காரியத்துக்கு அதன் ஸ்லாட்டுகளைக் கரைத்துவிடத் தோன்றும். கடைசியில் செய்தால் முழு ஸ்லாட்டுகளோடு சாகசத்துக்கு வரும், அதைச் செய்யப் போன 7ஆம் லெவல் ஸ்லாட் ஒன்றைத் தவிர. இன்னொன்று: அதற்கு ஆள் உயரத்துக்குப் பனி வேண்டும். கோடையில், பாலைவன ஊரில் இருந்தால் பனிக்கு எங்கே போவது என்று முன்கூட்டியே யோசியுங்கள். மலைக்குப் போய்வரும் நாட்களும் அட்டவணையில் ஏற வேண்டும்.

காலியாக விட்ட 5 நாள் சோம்பலுக்கல்ல. ஏதாவது ஒரு வேலை நீளும், சிக்கல் பகடை விழும், டிஎம் மூன்று நாள் முன்னதாகவே கதவைத் தட்டுவார். மொத்த நாளில் இருபதில் ஒரு பங்காவது காலியாக இல்லாத அட்டவணை முதல் இடறலிலேயே உடையும்.

பிளானர் பைண்டிங் போடுகிறவர்களுக்கு

வேற்றுலக உயிரைக் கட்டி வேலை வாங்குவது டவுன்டைமுக்கு ஏற்ற காரியம். 5ஆம் லெவல் ஸ்லாட்டில் போட்டால் 24 மணி நேரம், 6இல் 10 நாள், 7இல் 30 நாள், 8இல் 180 நாள், 9இல் ஓராண்டும் ஒரு நாளும். 1,000 பொற்காசு மதிப்புள்ள நகை கரையும். எண்கள் ஆசை காட்டும், செய்முறையில்தான் பலர் விழுகிறார்கள்.

இதைப் போட ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை அந்த உயிர் ஓடாமல் இருக்க வேண்டும். வழக்கமாகத் திருப்பிப் போட்ட (உள்ளே இருப்பது வெளியேற முடியாத) மேஜிக் சர்க்கிளுக்குள் அடைப்பார்கள். 3ஆம் லெவல் ஸ்லாட்டில் போட்டால் அந்த வட்டம் சரியாக ஒரு மணி நேரம்தான் நிற்கும். வட்டம் போட்ட பிறகு உயிரை வரவழைக்கவும் நேரம் ஆகுமே, அதனால் கட்டும் மந்திரம் முடிவதற்குள் வட்டம் கலைந்துவிடும். 4ஆம் லெவல் ஸ்லாட்டில் போடுங்கள், இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

அடுத்தது கவனம். ஒரு மணி நேர மந்திரத்தைப் போட்டுக்கொண்டே இருக்கும் வரை கான்சன்ட்ரேஷன் (ஒரு நேரத்தில் ஒரு மந்திரத்துக்கே கொடுக்கக்கூடிய கவனம்) அதற்கே போகும். வரவழைத்த மந்திரமும் கான்சன்ட்ரேஷன் கேட்பதாக இருந்தால், கட்டத் தொடங்கியதும் அது அறுந்துவிடும். ஒருவர் வரவழைக்க, இன்னொருவர் கட்ட வேண்டும். தனியாளாகச் செய்ய முயன்று, அறைக்குள் கோபமான எலிமெண்டலோடு (இயற்கைப் பூதம்) மாட்டிக்கொள்வது இந்த மந்திரத்தின் வாடிக்கை. கடைசியில் அந்த உயிர் கரிஸ்மா சேவ் (மந்திரத்தை எதிர்க்கும் பகடை) போட்டுத் தப்பினால் நகையும் போச்சு. மாற்று நகை ஒன்று இல்லாமல் தொடங்காதீர்கள்.

மந்திரம் தெரியாதவர்கள்

ஃபைட்டர், ரோக், பார்பேரியன் ஆடுகிறவர்கள் டவுன்டைம் வந்தால் ஃபோனை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். விதியிலேயே அவர்களுக்குப் பங்கு குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஊரில் பெயரும் ஆள்பலமும் தேடுவது அவர்களுக்கே இயல்பாக வரும். விசார்டு பட்டறைக்குள் அடைந்து கிடக்கும்போது வெளியே நடமாடுகிறவர் இவர்தான்.

மொழியோ கருவியோ கற்க சனாதர் விதியில் 10 வேலை வாரம், வாரத்துக்கு 25 பொற்காசு. இண்டெலிஜென்ஸ் மாடிஃபையர் (அறிவுத்திறனுக்கான கூட்டல் எண்) எத்தனையோ அத்தனை வாரம் குறையும். மதிப்பு எதிர்மறையாக இருந்தால் வாரம் ஏறாது, பத்திலேயே நிற்கும். அடுத்த சாகசம் எந்த உலகத்தில் என்று தெரிந்தால் அந்த மொழியைப் படியுங்கள். பொத்தாம்பொதுவாக ஒரு மொழியைத் தேர்ந்தால் அது சீட்டில் ஓர் ஓரத்தில் கிடக்கும்.

தேவையில்லாத மந்திரப் பொருளை விற்பதையும் இவரிடமே விடுங்கள், பெர்சுவேஷன் (பேசி இணங்கவைக்கும் திறமை) நன்றாக இருந்தால். ஒரு வேலை வாரம், 25 பொற்காசு செலவு. பகடை 10 வரை வந்தால் அடிப்படை விலையில் பாதி, 11 முதல் 20 வரை முழு விலை, 21 அல்லது அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. ரேர் பொருளின் அடிப்படை விலை 4,000. செய்ய ஆனது 2,000. பாதி விலைக்குப் போனால் காசு சமம், பத்து வாரம் நஷ்டம். பொருள் செய்து விற்று வாழலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தப் பகடையை ஒருமுறை உருட்டிப் பார்க்கட்டும்.

கோட்டை கட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். 2014 டிஎம் நூலின்படி சிறு கோட்டைக்கு 50,000 பொற்காசு, 400 நாள். அரண்கொண்ட கோபுரத்துக்கு 15,000, 100 நாள். சங்கக் கட்டடத்துக்கு 5,000, 60 நாள். கவனிக்க வேண்டிய வரி அதன் கீழே இருக்கிறது: நீங்கள் தளத்தில் இல்லாத ஒவ்வொரு நாளும் 3 நாள் கூடும். கோபுரத்தில் 90 நாள் நின்று வேலை வாங்கிவிட்டு, 10 நாள் பாக்கி இருக்கும்போது 5 நாள் சாகசத்துக்குப் போனீர்கள் என்று வையுங்கள். மொத்தம் 115 நாளாகிவிடும், 95 நாள் கழிந்திருக்கும், திரும்பி வரும்போது பாக்கி 20. போன நேரத்தைவிட அதிகமாக வேலை பின்னுக்குப் போகிறது. அதனால் டவுன்டைமுக்குள் முடியக்கூடியதை மட்டும் தொடங்குங்கள், அல்லது மேஸ்திரியை நியமித்தால் இந்த விதியைத் தளர்த்துவாரா என்று டிஎம்மிடம் முன்பே பேசுங்கள். பராமரிப்பையும் கேளுங்கள். சிறு கோட்டைக்கு நாளுக்கு 100 பொற்காசு, 90 நாளுக்கு 9,000.

2024 விதியில் ஆடினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. லெவல் 5 முதல் பாஸ்டியன் என்ற தளம் கிடைக்கும். லெவல் 13இல் ஐந்து சிறப்பு வசதிகள், 17இல் ஆறு. ஏழு நாளுக்கு ஒரு முறை உத்தரவு கொடுத்தால் அங்கிருப்பவர்கள் வேலையைப் பார்ப்பார்கள். 90 நாள் என்றால் பன்னிரண்டு முறை. எந்த வாரம் எந்த வசதிக்கு என்ன உத்தரவு என்று ஒரே தாளில் எழுதிவிட்டால் போதும்.

படி 6: கையிருப்பு

இது சலிப்பான படி, ஆனால் உயிர் போகும் இடமும் இதுதான். இறந்தவரை எழுப்பும் மந்திரங்களில் ரிவிவிஃபைக்கு 300 பொற்காசு வைரம், ரெய்ஸ் டெட்டுக்கு 500, ரெசரெக்‌ஷனுக்கு 1,000, ட்ரூ ரெசரெக்‌ஷனுக்கு 25,000. எத்தனை வேண்டும், யாரிடம் இருக்கும் என்று அணியாகப் பேசி முடிவெடுங்கள். எல்லா வைரமும் கிளெரிக்கின் பையில் இருந்து, கிளெரிக்கே பள்ளத்தில் விழுந்தால் என்ன செய்வது? இரண்டு பேரிடம் பிரித்து வையுங்கள். பெரிய வைரம் சிறிய ஊரில் கிடைக்காது, தேட ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

ஆராய்ச்சிக்கும் ஒரு வாரம் கொடுப்பது நல்லது. ஒரு வேலை வாரம், குறைந்தது 50 பொற்காசு, ஒரு இண்டெலிஜென்ஸ் பகடை. 6 முதல் 10 வந்தால் ஒரு தகவல், 11 முதல் 20க்கு இரண்டு, 21 அல்லது அதற்கு மேல் மூன்று. "எதிரியைப் பற்றி" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "அந்த லிச் (இறந்தும் வாழும் மந்திரவாதி) தன் ஃபைலாக்டரியைக் (உயிரை ஒளித்துவைக்கும் பொருள்) கடைசியாக எங்கே வைத்திருந்தது" என்று குறிவைத்துக் கேளுங்கள்.

படி 7: டிஎம்மிடம் கொடுக்கும் தாள்

அரைப் பக்கம் போதும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி: என்ன, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, செலவு, எந்தப் பகடை எந்த போனஸோடு, நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும். இந்தக் கடைசிப் பகுதியைப் புதியவர்கள் எழுதுவதில்லை. ரேர் பொருளை ஆறாம் வாரத்தில் நிறுத்தினால் செய்த வேலை அப்படியே இருக்குமா, குறையுமா? விதிநூல் பேசாத இடங்களில் டிஎம் என்ன சொல்கிறார் என்பதை முன்பே எழுதி வாங்கிவிட்டால், பிறகு மேசையில் வாக்குவாதம் வராது.

கீழே இன்னொரு வரி சேருங்கள்: இந்த வேலை யாருக்குப் பிடிக்காது? டெலிபோர்ட் வட்டம் வந்தால் கப்பல் வணிகர்களுக்குப் பிழைப்புக் கெடும். கோபுரம் எழுந்தால் பக்கத்துப் பிரபுவுக்குக் கண் உறுத்தும். இதை நீங்களே எழுதிக் கொடுத்தால், டிஎம் அதை வைத்துக் கதை பின்னுவார், உங்கள் வேலையும் வெறும் கணக்காக முடியாது.

மேசையில் பேசும் நேரத்தையும் அளந்து பேசுங்கள். ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம், அதில் ஒரே ஒரு காட்சி. மீதிப் பகடைகளை முன்பே டிஎம்முக்கு எதிரில் உருட்டி முடித்துவிடலாம். ஒருவர் வாரவாரியாகச் சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருக்க, மற்ற மூவர் கொட்டாவி விடுவது டவுன்டைமையே அணிகள் கைவிடுவதற்கு முக்கியமான காரணம்.

சாகசம் தொடங்கும் நாளில் சீட்டைத் திருத்துங்கள். கழித்த காசு, கரைந்த வைரம், புதிய பொருளுக்கு அட்யூன் (பொருளோடு பிணைதல்) ஆனதா, சிமுலாக்ரத்தின் தனிச் சீட்டு, குளோன் முதிரும் தேதி, அது இருக்கும் இடம். அந்த இடத்தை அணியில் இன்னொருவருக்கும் தெரியப்படுத்துங்கள். நீங்கள் கலத்துக்குள் கண்விழிக்கும்போது வெளியிலிருந்து மூடியைத் திறக்க ஆள் தேவைப்படலாம்.